ஸ்பிங்க்ஸ் முதுகில் உப்புக்கண்டம்

சேசு, மரி, சூசை துணை

ஜீவனஹள்ளி,
பெங்களூரு.

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய டிரேவர் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் பெர்னடெட் எழுதுவது. இந்தக் கடிதத்தில் நடந்தவை எல்லாவற்றையும் நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல், உண்மையாக எழுதப்போகிறேன் என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். இதைச் சொல்லக் காரணம் உண்டு. அம்மா என்னை மேசை முன்னால் உட்காரவைத்து, "எல்லாரும் சௌக்கியம், மாதா புண்ணியத்துல ஒரு கொறையும் இல்ல, கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வரணும்னு மாமாவுக்கு எழுது" என்றாள். அதை எழுதிவிட்டேன். அம்மா சொல்லச் சொன்னது அவ்வளவுதான். இனி வருவது முழுவதும் நான் சொல்வது. நீங்கள் நலமா என்று கேட்பது முறை, கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸாப்பில் கேட்டிருக்கலாமே என்று நினைக்க வேண்டாம். அங்கே நான் அனுப்பியதற்கெல்லாம் இரண்டு நீலக் குறிகள்தான் பதிலாக வந்தன. கடிதத்தில் நீலக் குறி கிடையாது. நீங்கள் படித்தும் பதில் போடவில்லை என்பது எனக்குத் தெரியாமலே போய்விடும். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஒன்பதாம் வகுப்பு தொடங்கியதும் எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை ஃபாத்திமா மிஸ், 'நம் நகரத்தில் பழைய நாகரிகங்களின் தடங்கள்' என்று ஒரு செயல்திட்டம் கொடுத்தார். மற்ற மாணவிகள் கோட்டை, அரண்மனை என்று பஸ் ஏறிப் போனார்கள். நான் எங்கும் போகவில்லை. எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தாலே எகிப்து தெரிகிறது. எங்கள் லேனுக்குத் தெற்கே, பழைய பிஸ்கட் கம்பெனி இருந்த இடத்தில், நீங்கள் வரைந்து எழுப்பிய 'தீப்ஸ் கார்டன்ஸ்' அடுக்குமாடியைத்தான் சொல்கிறேன். பள்ளி நூலகத்திலிருந்து எகிப்தைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, ஜன்னலில் வைத்துக்கொண்டு, படத்தையும் கட்டடத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். மேலே போகப்போகக் குறுகும் சாய்ந்த சுவர்களோடு உங்கள் கேட் இருக்கிறது. அது எகிப்துக் கோயிலின் நுழைவாயில். தூண்களின் உச்சியில் தாமரை மொட்டு. அதுவும் அங்கிருந்து வந்ததுதான். தோட்டத்தின் நடுவே ஓபெலிஸ்க் என்கிற உயரமான நான்முக ஊசிக்கல். அந்தக் கல்லை எகிப்திலிருந்து கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பாரிஸிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் நட்டார்கள் என்றும், வாஷிங்டனில் அதே வடிவத்தில் தாங்களே ஒன்று கட்டிக்கொண்டார்கள் என்றும், அகலமான நேர் சாலைகளோடு நகரம் அமைத்தவர்களுக்கெல்லாம் அந்தச் சாலையின் முடிவில் ஓர் ஊசிக்கல் நிற்க வேண்டும் என்ற ஆசை இருந்தது என்றும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அப்பா அப்போதுதான் ஸ்கூல் வேனை நிறுத்திவிட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். "நம்ம கல்லறைத் தோட்டத்துல வெள்ளக்காரன் சமாதி மேலயெல்லாம் இதேதாண்டி நிக்குது. செத்தவன் தலைமாட்டுல நடுற கல்ல, உங்க மாமன் குடியிருக்கிற எடத்துல நட்டு வச்சிருக்கான்" என்றார். இதையும் செயல்திட்டத்தில் எழுதினேன். உள்ளூர்த் தகவல் என்ற தலைப்பில்.

கட்டடத்தின் உச்சியில் பிரமிடு. எகிப்தியர் பிரமிடுக்குள் அரசரை வைத்தார்கள். நீங்கள் தண்ணீர்த் தொட்டிகளை வைத்திருக்கிறீர்கள். பெங்களூரில் தண்ணீர்தான் ராஜா என்பதால் அதை நான் பிழையாகக் குறிக்கவில்லை. ஆனால் பெயர் விஷயத்தில் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். தீப்ஸ் என்பது பழைய எகிப்தின் தலைநகர் என்று எங்கள் லேனில் ஒருவருக்கும் தெரியாது. ஓனருடைய பெண்சாதி பெயர் தீபா, செல்லமாகத் 'தீப்ஸ்' என்று கூப்பிடுகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பிறகு லேன் முனையில், இருபக்கமும் பீடம் கட்டி, மனிதத் தலையும் சிங்க உடம்புமாக இரண்டு ஸ்பிங்க்ஸ்களை லாரியிலிருந்து இறக்கினீர்கள் அல்லவா? அவற்றின் தலைத்துணி பின்னலை அவிழ்த்துவிட்டதைப் போல இருந்ததால், "ஓஹோ, தீபா மேடத்தையே செலையா வச்சிட்டாரு. மொகம் அவங்க மொகம், ஒடம்பு கொணத்துக்கு ஏத்த மாதிரி" என்று உங்கள் கட்டடத்து வாட்ச்மேன் எத்திராஜ் அண்ணன் விளக்கம் சொன்னார். அன்றிலிருந்து வலப்பக்கத்துச் சிங்கத்துக்குத் தீபாக்கா என்று பெயர். இடப்பக்கம் இருப்பது தீபாக்கா தங்கச்சி. நான் புத்தகத்தைக் காட்டி எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "படிக்கிற புள்ள, நீ சொன்னா சரியாதான் இருக்கும். ஆனா தீபாக்கா பேரு நல்லாருக்கு" என்றார்கள்.

நகர அமைப்பைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதினேன். எகிப்தில் கஹூன் என்று ஓர் ஊர் இருந்ததாம். பிரமிடு வேலைக்காகத் திட்டமிட்டுக் கட்டிய ஊர். தெருக்கள் எல்லாம் கோடு போட்டதைப் போல நேராக இருந்தன. ஒரு பக்கம் பெரிய மனிதர்களின் விசாலமான வீடுகள், மறுபக்கம் வேலைக்காரர்களின் நெருக்கமான சிறிய வீடுகள், நடுவே ஒரு தடித்த சுவர். உங்கள் கட்டடத்துக்கும் எங்கள் லேனுக்கும் நடுவே இருக்கும் சுவரை ஜன்னலிலிருந்து பார்த்தேன். மற்றவற்றில் நீங்கள் அங்கங்கே மாற்றியிருந்தாலும், இந்த ஒன்றை மட்டும் மூலத்தில் உள்ளபடியே செய்திருக்கிறீர்கள் என்று எழுதினேன். ஃபாத்திமா மிஸ் அந்த வரியின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டார். பாராட்டா கண்டிப்பா என்று சொல்லவில்லை.

இப்போது வெயிலுக்கு வருகிறேன். கடிதம் எழுதுவதே இதற்காகத்தான். உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், ஆனால் நீங்கள் மறந்திருக்கக் கூடும். அம்மாவுக்கு வேறு தொழில் தெரியாது. சனிக்கிழமை சிவாஜிநகர் போய் நல்ல தொடைக்கறியாகப் பார்த்து வாங்கிவந்து, நாரோடு நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பூண்டும் தடவி, கயிற்றில் கோத்து, மொட்டை மாடியில் வெயிலில் போட்டு, ஒரு துண்டை இன்னொரு துண்டில் தட்டினால் 'டக்' என்று சத்தம் வரும் வரைக்கும் காயவிடுவாள். குளோரியாவின் உப்புக்கண்டம் என்றால் காக்ஸ் டவுனில் தெரியாதவர் இல்லை. கனடாவுக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டருக்குள் சுற்றி எடுத்துப்போகிறார்கள். எகிப்தியரும் அரசர் இறந்தால் உப்பில் புதைத்து ஈரத்தை வாங்கித்தான் பதப்படுத்தினார்கள் என்று படித்தபோது எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது. "அம்மா, நீ செய்யறது நாலாயிரம் வருஷத்துக்கு முந்தின விஞ்ஞானம். அவங்க ராஜாவையே உப்புக்கண்டம் போட்டாங்க" என்றேன். "ச்சீ, திங்கிற பொருளு பக்கத்துல பேசுற பேச்சா இது" என்று கரண்டியை ஓங்கினாள்.

உங்கள் பிரமிடு எழுந்து முடிந்த பிறகு எங்கள் மாடியில் வெயில் விழவில்லை. காலைப் பலகாரம் முடிவதற்குள் நிழல் வந்து உட்கார்ந்தால், சாயங்காலம் வரை எழுந்து போவதில்லை. எகிப்தில் ஒரு கோயில் இருக்கிறதாம், வருடத்தில் இரண்டு நாட்கள் மட்டும் சூரியன் உள்ளே வரை எட்டிப் பார்க்கும்படி கணக்குப் போட்டுக் குடைந்திருக்கிறார்களாம். அந்த இரண்டு நாட்களாவது எங்களுக்கு எப்போது என்று தெரிந்தால் கறி வாங்கி வைக்கலாம். சூரியனைக் கும்பிட்டவர்களின் கட்டடக் கலை, எங்கள் சூரியனை எடுத்துக்கொண்டது. பதிலுக்கு இரவானால் பிரமிடின்மேல் மஞ்சள் விளக்குகளைப் போடுகிறார்கள். அந்த வெளிச்சம் எங்கள் ஜன்னல் வழியாக உள்ளே வந்து விழுகிறது. இந்தக் கடிதத்தையும் அதில்தான் எழுதுகிறேன். அதில் எழுத முடியும். கறி காயவைக்க முடியாது. முதல் தடவை நிழலில் போட்ட கறி பச்சை பூத்துவிட்டது. அம்மா அதைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து, வெறும் கயிற்றை அலசிக்கொண்டிருந்தாள். அப்பா, "விடு குளோரியா. உன் தம்பி கட்டுன பில்டிங்கு. நெழலும் நம்ம குடும்பத்து நெழல்தான்" என்றார். அம்மா சிரித்தாள். அதன்பின் அழுதாள். இரண்டையும் நான் பார்த்தேன் என்பதால் எழுதுகிறேன்.

அம்மா எங்கேயாவது வெயில் இருக்கிறதா என்று லேன் முழுவதும் நடந்து பார்த்தாள். கிழக்கே மெயின் ரோட்டைப் பார்த்துத் திறந்திருக்கும் லேன் முனையில் மட்டும்தான் இருந்தது, அதாவது தீபாக்காவின் முதுகில். சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்து ஸ்பிங்க்ஸை வைக்க வேண்டும் என்ற எகிப்து முறையை நீங்கள் அங்கே சரியாகக் கடைப்பிடித்திருந்தீர்கள். அதற்கு அம்மாவின் சார்பில் நன்றி. அம்மா தீபாக்காவின் காதிலிருந்து தங்கச்சியின் காதுக்குக் கயிறு கட்டினாள். ஆட்கள் குனிந்து போகாமலிருக்க நடுவில் மூங்கிலால் முட்டுக் கொடுத்தாள். எத்திராஜ் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "என்ன குளோரியாக்கா, தீபாக்காவுக்குத் தோரணம் கட்டிட்டீங்க?" என்றார். "கிண்டல் பண்ணாத எத்திராஜ். காக்கா வராம பாத்துக்க, சாயங்காலம் ரெண்டு துண்டு பொரிச்சு அனுப்புறேன்" என்றாள் அம்மா. அந்தப் பருவத்துக் கறி, மாடியில் காய்ந்ததைவிட நன்றாகக் காய்ந்தது.

இது உங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் கஸ்தூரிரங்கன் சார் கண்ணில் படும் வரைதான். அவர் காலை நடைக்கு வந்தவர் கயிற்றின் முன்னால் நின்றுவிட்டார்.

"யாரும்மா இதைக் கட்டினது?"

"நான்தான் சார். காயட்டும்னு."

"காயட்டும்னா? இது என்னன்னு தெரியுமோ உனக்கு? ஹெரிடேஜ்!"

"போன வருசம் லாரில வந்து எறங்குச்சே சார். நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன்."

"ஸ்பிங்க்ஸ்ம்மா, ஸ்பிங்க்ஸ்! அதும்மேல மாம்சத்தைத் தொங்கவிட்டா, வரவா போறவா என்ன நினைப்பா?"

"ஆட்டுக்கறின்னு நெனைப்பாங்க சார்."

அவர் முகம் சிவந்துவிட்டது. அம்மா மரியாதைக் குறைவாகப் பேசவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள் என்பதை விளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நான் குறுக்கே போய், "சார், ஸ்பிங்க்ஸ் வெளிநாட்டு விஷயம்னு நினைக்க வேண்டாம். மனுஷத் தலை, சிங்க உடம்பு, வாசலைக் காக்கிற வேலை, இது நம்ம பக்கத்துக் கோயில் தூண்லயும் இருக்கு. புருஷாமிருகம்னு பேரு. அதனால இது எல்லாருக்கும் பொதுவானது" என்றேன். எல்லோருக்கும் பொதுவானது என்றால் அம்மாவுக்கும் பொதுவானது என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். கஸ்தூரிரங்கன் சார், "என்ன பேரு சொன்னே? இன்னொரு தரம் சொல்லு" என்று போனை எடுத்தார். நான் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். 'ஷா' நெடில் என்றும் சொன்னேன். "எந்த ஸ்கூல் பாப்பா நீ? கெட்டிக்காரியா இருக்கியே" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அன்று முழுவதும் நான் மகிழ்ச்சியாக இருந்தேன்.

அவருக்கு அந்தப் பெயர் எதற்கு என்று நவம்பரில்தான் புரிந்தது. மழைநீர்க் கால்வாயை அகலப்படுத்த அளவெடுக்க வந்தவர்கள், இரண்டு சிங்கங்களும் பொதுவழியில், கால்வாயின் மூடி மேலேயே உட்கார்ந்திருப்பதாகச் சொல்லித் தீபாக்காவின் முன்னங்கால் நகத்தில் மஞ்சள் பெயின்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை ஜேசிபி வந்து எடுத்துவிடுமாம். எங்கள் லேனில் சந்தோஷம். அம்மாவுக்குத்தான் அதிகச் சந்தோஷம். "அதுங்க ரெண்டும் போயிட்டா அந்த வெயில் மொத்தமும் லேனுக்குத்தான். கால்வா வேலை முடிஞ்சதும் ஓரமா ரெண்டு கம்பம் நட்டுக்கலாம். யாரும் வந்து ஹெரிடேஜுன்னு கேக்கமாட்டான்" என்றாள். கிறிஸ்துமஸுக்காகக் கேட்டிருந்தவர்களுக்கெல்லாம் உண்டு என்று சொல்லி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜேசிபிக்கு முன்னால் ஓர் ஐயர் வந்தார். நாங்கள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். தீபாக்காவைக் குளிப்பாட்டினார்கள். அளவெடுத்தவர் போட்ட மஞ்சள் பெயின்டின் மேலேயே மஞ்சளைப் பூசினார்கள். குங்குமம் வைத்தார்கள். சாமந்தி மாலை, வாழைமரம், மைக் செட். பளபளவென்று ஒரு பலகையும் கொண்டுவந்து பதித்தார்கள். அதில் கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் புருஷாமிருகம் என்று இருந்தது. 'ஷா' நெடில்தான். எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று எனக்குப் பயமாகிவிட்டது. ஆனால் அம்மா பயப்படவில்லை, ஏனென்றால் கஸ்தூரிரங்கன் சாருக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நீங்கள் நின்றிருந்தீர்கள். "ஏய் பெர்னி, மாமா வந்திருக்காண்டி! அடுப்பப் பத்தவை" என்று சொல்லி, தனியாக எடுத்து வைத்திருந்த இளசான துண்டுகளை எண்ணெயில் போட்டாள். காலேஜ் நாட்களில் நீங்கள் இரவெல்லாம் படம் வரையும்போது தட்டு நிறையப் பொரித்துக் கொடுப்பாளாம். உங்கள் பட்டப்படிப்பின் கடைசி வரைபடத்தில்கூட எண்ணெய் விரல் பதிந்திருந்ததாம். அதை அம்மா எத்தனை தடவை எங்களுக்குச் சொல்லியிருக்கிறாள் தெரியுமா?

ஜேசிபி வந்தது. ஓட்டியவர் பூவையும் குங்குமத்தையும் பார்த்ததும் வண்டியை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார். "ஏனண்ணா இது, தேவ்ரா?" என்று, இது சாமியா என்ற அர்த்தத்தில், எத்திராஜ் அண்ணனைக் கேட்டார். "நேத்து வரைக்கும் இல்ல. இன்னிக்குக் காலைலேர்ந்து" என்றார் எத்திராஜ் அண்ணன். ஓட்டியவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கூட வந்த இன்ஜினியர் தலையைச் சொறிந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். நேராக உங்களிடம்தான் வந்தார். "ஆர்க்கிடெக்ட் நீங்கதானே சார்? நீங்களே சொல்லிடுங்க. சிலைன்னா இப்பவே எடுத்துடுவேன். சாமின்னா நான் தொடமுடியாது, ஸ்வல்ப கஷ்டம்."

எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள் மாமா. ஒரே ஒரு சொல்தான் தேவைப்பட்டது. ஸ்பிங்க்ஸ் என்று சொல்லியிருக்கலாம். பொம்மை என்று சொல்லியிருக்கலாம். சிமென்ட் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அம்மா அடுப்பிலிருந்து அப்படியே ஓடிவந்தாள், கையில் எண்ணெய் சொட்டும் ஜல்லிக்கரண்டியோடு. "டேய் டிரேவர், சொல்லுடா. நீ வரைஞ்சதுதான? பொம்மைன்னு சொல்லு" என்றாள். உப்புக்கண்டம் பொரித்த வாசனை அவளோடு வந்தது. ஐயர் மூக்கைச் சுளித்தார். கஸ்தூரிரங்கன் சார், "டூ யூ நோ ஹெர்?" என்று உங்களைக் கேட்டார்.

நீங்கள் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டீர்கள். அம்மாவைப் பார்த்து, "மேடம், ப்ளீஸ். பூஜை நடக்குது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றீர்கள். பிறகு இன்ஜினியரிடம், "புருஷமிருகம் சார் இது. ஆரம்பத்துலேர்ந்து கான்செப்ட்டே இதுதான்" என்றீர்கள். அதிலும் நெடிலைக் குறிலாக்கிவிட்டீர்கள். சரியான உச்சரிப்பு புருஷாமிருகம்.

ஜேசிபி திரும்பிப் போய்விட்டது. நீங்களும் பிரசாதத் தட்டோடு உள்ளே போய்விட்டீர்கள். அம்மா லேன் முனையிலேயே நின்றாள். அப்பா அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, "வா, அடுப்பு எரியுது" என்றார். எங்கள் லேனில் ஒரு சிமென்ட் சிங்கத்துக்கு அக்கா என்று பெயர். உங்களுடைய அக்காவுக்கு மேடம் என்று பெயர். இது ஏதோ ஒரு பெயர்ப்பலகைக் குழப்பம் என்று நினைத்து நான் மனத்தைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. அன்று பொரித்ததை யாரும் சாப்பிடவில்லை. அப்பா மட்டும் ஒரு துண்டை வாயில் போட்டு, "உப்பு சரியாதான் இருக்கு" என்றார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னது அது.

இப்போது தீபாக்காவைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். புனித இடம், அசைவப் பொருட்களுக்கு அனுமதி இல்லை என்று அதன்மேல் அறிவிப்பு. புருஷாமிருகத்தின் கதையை நான் தேடிப் படித்தேன். அது பீமனை விரட்டிப் பிடித்து, பாதி உடம்பாவது எனக்குத் தின்ன வேண்டும் என்று தருமரிடம் வழக்குப் பேசிய மிருகம். அதன் முன்னால் ஆட்டுக்கறி கூடாதாம். இதைச் சொல்ல நான் கஸ்தூரிரங்கன் சார் வீட்டுக்குப் போகவில்லை. நான் எதையாவது சொன்னால் அவர் அதையும் போனில் குறித்துக்கொள்வார்.

ஆகவே மாமா, நிலைமை இதுதான். அம்மா கயிற்றைச் சுருட்டி உப்பு ஜாடிக்குள் போட்டு மூடிவிட்டாள். இனிமேல் நம் வீட்டில் உப்புக்கண்டம் கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் நானே போய் இல்லை என்று சொல்லப்போகிறேன். உங்களுக்கு வருடாவருடம் வரும் பொட்டலம் இந்தக் கிறிஸ்துமஸுக்கு வராது. நீங்களும் வர வேண்டாம். வரச்சொல்லி அம்மா எழுதச் சொன்னதை மேலே எழுதிவிட்டேன், வர வேண்டாம் என்பதை நான் என் சொந்தப் பொறுப்பில் எழுதுகிறேன். என் செயல்திட்டத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. அதில் நீங்கள் என் தாய்மாமன் என்று ஓர் இடத்தில் பெருமையாக எழுதியிருந்தேன். திரும்ப வாங்கி அந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தைக்கு என் அன்பு. குழந்தைக்கு முத்தம். வேளாங்கண்ணி மாதா உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும். தீபாக்காவும் காப்பாற்றட்டும், வாசலில் உட்கார வைத்திருப்பது அதற்காகத்தானே.

இப்படிக்கு,
மேடத்தின் மகள்,
பெர்னடெட்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன் அம்மா வாங்கிப் படித்துவிட்டாள். முதலில் கோபம் வரும் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். "கூட்டாம கொறைக்காம எழுதறேன்னு ஆரம்பிச்சியே, உனக்குப் பாதிதாண்டி தெரியும்" என்றாள். உப்பு ஜாடியைத் திறந்து காட்டினாள். கயிற்றைக் காணவில்லை.

கயிறு உங்கள் பிரமிடில் இருக்கிறது மாமா. போன வாரம் முழுவதும் அங்கேதான் இருந்திருக்கிறது. எத்திராஜ் அண்ணன் மொட்டை மாடிச் சாவியை எடுத்துக் கொடுக்க, அம்மா காலையில் துணி மூடிய பேசினைத் தலையில் வைத்துக்கொண்டு சர்வீஸ் லிஃப்டில் ஏறி, உச்சிக்குப் போய், பிரமிடின் தெற்குச் சரிவில் காயப்போட்டுவிட்டு வருகிறாள். ஜீவனஹள்ளியிலேயே அதைவிட நல்ல வெயில் கிடையாதாம். "தோசைக்கல்லு மாதிரி காயுது. மாமா பிரமிடை நல்லா கட்டியிருக்கான்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன். ஒருநாள் லிஃப்டில் கஸ்தூரிரங்கன் சாரே ஏறியிருக்கிறார். தெருவில் அத்தனை நேரம் முகத்துக்கு நேராக நின்று திட்டியவர். "எந்த ஃப்ளாட்ல வேலை செய்யறே?" என்று மட்டும் கேட்டாராம். "டாப்புல சார்" என்றாளாம் அம்மா. பேசின் தூக்கிக்கொண்டு சர்வீஸ் லிஃப்டில் வருகிறவளின் முகத்தை யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "வெள்ளிக்கெழம கத்துக்கிட்டேன்" என்றாள்.

ஆகவே மேலே நான் எழுதியவற்றில், உப்புக்கண்டம் கிடையாது என்பது பொய். பொட்டலம் வராது என்பதும் பொய். இந்தக் கடிதத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பது அதுதான். மறுபடியும் தனியாக எடுத்து வைத்த இளசான துண்டுகள். வர வேண்டாம் என்பதையும் அம்மா அடிக்கச் சொன்னாள். நான் பேனாவால் அடிக்கவில்லை, பென்சிலால் லேசாக ஒரு கோடு போட்டிருக்கிறேன். வந்தால், வாசலில் நின்று அக்கா என்று கூப்பிடுங்கள். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் கதவைத் திறக்க வேண்டாம் என்று நான் அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பிரமிடுக்குள் ராஜாவை வைப்பதா தண்ணீரை வைப்பதா என்று இனி நீங்கள் குழம்ப வேண்டாம். உப்பிட்டு உலர்த்திய இறைச்சியைக் கடைசியில் சேர வேண்டிய இடத்தில் அம்மா சேர்த்துவிட்டாள்.

இன்னும் எழுத இருக்கிறது. ஆனால் பனி இறங்குவதற்குள் கயிற்றைக் கீழே எடுக்க வேண்டுமாம். அம்மா பேசினோடு வாசலில் நிற்கிறாள். குடியிருப்பவர்கள் பார்த்துவிடாமல் இருக்க, அவள் வரும் நேரத்தில் எத்திராஜ் அண்ணன் சுவிட்சை அணைப்பது வழக்கமாம். எழுதுவதை இங்கேயே நிறுத்துகிறேன். எனக்கு இப்போது காகிதம் தெரியவில்லை. பிரமிடின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.